லேப்டாப்பில் புது மாடல் வந்துவிட்டது: மாற்றலாமா, வேண்டாமா?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். புது லேப்டாப் விற்பதில்லை, பழுது பார்ப்பது மட்டும்தான். "அண்ணா, என்கிட்ட இருக்கிற மாடல்லயே புதுசு வந்திருக்கு, மாத்திடவா?" என்பதுதான் கடைக்கு வருபவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. கேட்பவர் கையில் பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷம் ஓடிய, இன்னும் நன்றாக இருக்கிற மெஷின் இருக்கும். ஐம்பது அறுபதாயிரம் என்பது நம் ஊரில் சின்னத் தொகை இல்லை. ஆகவே அவர்களிடம் நான் எதையெல்லாம் பார்க்கச் சொல்கிறேன், எந்த வரிசையில் பார்க்கச் சொல்கிறேன் என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் சிப்பின் பெயரைப் பிரித்துப் படியுங்கள்

வருஷா வருஷம் புது மாடல் வரும். உள்ளே எல்லா வேலையையும் செய்யும் சிப் (சிபியூ) வருஷா வருஷம் புதிதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிப் செய்யும் கம்பெனியான இன்டெல்லையே எடுத்துக்கொள்வோம். ஆபீஸ் வேலைக்கு என்று நம் கடைகளில் குவிந்து கிடந்த லேப்டாப்களில் 2022-இல் ஐ5-1235யு இருந்தது. 2023-இல் ஐ5-1335யு. 2024-இல் பெயரையே மாற்றி கோர் 5 120யு என்று வந்தது. மூன்றிலும் 10 கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் பகுதிகள்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). அந்தப் பத்தில் வேகமான பெரிய கோர் 2, சிக்கனமான சின்ன கோர் 8. இதுவும் மூன்றிலும் அதே கணக்குதான். உச்ச வேகம் மட்டும் 4.4, 4.6, 5.0 கிகாஹெர்ட்ஸ் என்று ஏறியிருக்கிறது. அந்த உச்ச வேகமும் கொஞ்ச நேரத்துக்குத்தான், அதுவும் சிப் குளிர்ச்சியாக இருக்கிற வரைக்கும்தான். மெல்லிய லேப்டாப்பில் ஒரு பெரிய ஃபைலை ஓடவிட்டால் சிறிது நேரத்திலேயே வேகம் இறங்கிவிடும். 1235யு வைத்திருப்பவர் 120யு வாங்கினால், தினசரி வேலையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது சிரமம்.

இன்னொரு சிப் கம்பெனியான ஏஎம்டியிலும் இதே கதைதான். ரைசன் 5 6600எச், அடுத்த வருஷம் ரைசன் 5 7535எச்எஸ். எண்ணைப் பார்த்தால் ஒரு தலைமுறை தாண்டியது போல இருக்கும். உள்ளே அதே ஆறு கோர், அதே 660எம் கிராஃபிக்ஸ் (திரைக்குப் படம் வரையும் பகுதி). உச்ச வேகம் 4.5-லிருந்து 4.55 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் மேலே போனால் ரைசன் 7 7840எச்எஸ், 8840எச்எஸ், அப்புறம் 2025-இல் வந்த ரைசன் 7 260. மூன்றும் எட்டு கோர், மூன்றுக்கும் உச்ச வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ், மூன்றிலும் 780எம் கிராஃபிக்ஸ்.

சில நேரம் புதிது என்று நினைத்துப் பின்னால் போய்விடும் ஆபத்தும் உண்டு. ரைசன் 5 5500யு வைத்திருந்த ஒரு கல்லூரித் தம்பி, எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் ரைசன் 5 7520யு எடுக்கலாமா என்று கேட்டு வந்தான். 5500யு ஆறு கோர். 7520யு நாலே கோர். இரண்டும் ஏஎம்டியின் ஜென் 2 என்ற அதே அடிப்படை வடிவமைப்பு. போதாததற்கு 7520யு இருக்கிற லேப்டாப்பில் ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) போர்டோடு சேர்த்து ஒட்டியே வரும், பின்னால் கூட்டவே முடியாது. கையில் இருப்பதைக் கொடுத்து, மேலே பணமும் கொடுத்து, இரண்டு கோரை இழக்க இருந்தான்.

ஏஎம்டியின் 7000, 8000 வரிசை எண்களில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3 குடும்பம், 4 என்றால் ஜென் 4. முதல் இலக்கம் அது எந்த வருஷத்து வரிசை என்பதை மட்டும்தான் சொல்லும். 7520-இல் மூன்றாவது இலக்கம் 2. 7840-லும் 8840-லும் அது 4. கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். இன்டெல்லுக்கு இப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. அவர்களுடைய இணையதளத்தில் இரண்டு சிப்பின் பக்கங்களையும் திறந்துவைத்து, பெரிய கோர் எத்தனை, சின்ன கோர் எத்தனை, உச்ச வேகம் என்ன என்ற மூன்றையும் ஒப்பிடுங்கள். கோர் எண்ணிக்கை அப்படியே இருந்து வேகம் மட்டும் ஏறியிருந்தால், அந்த மாற்றத்துக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பேன்.

உங்கள் மெஷின் எங்கே திணறுகிறது?

புது மாடலைப் பற்றி வரும் வீடியோக்கள் அதைப் போன வருஷ மாடலோடு ஒப்பிடும். உங்களுக்கு வேண்டிய ஒப்பீடு அது இல்லை. உங்கள் மேஜையில் இருக்கிற மெஷின் எந்த வேலையில் உங்களைக் காக்க வைக்கிறது, புதியது அந்த இடத்தைச் சரி செய்யுமா என்பதுதான் கேள்வி. அதற்கு விண்டோஸிலேயே வழி இருக்கிறது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்துவைத்து, மெஷின் திணறுகிற அந்த நேரத்தில் பாருங்கள். ஒரு வாரம் இப்படிக் கவனித்தாலே போதும், எது இழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது என்றால் ரேம் போதவில்லை. என்னிடம் மெதுவாக ஓடுகிறது என்று வரும் லேப்டாப்களில் பெரும்பங்கு இந்த வகைதான். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்கா, ஐ5-1235யு, 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பைக் கொண்டு வந்தார். டேலி, நாலைந்து எக்செல் ஃபைல், குரோமில் ஜிஎஸ்டி தளமும் வருமானவரித் தளமும், கூடவே வாட்ஸ்அப். மெஷின் வாங்கி மூன்று வருஷம் ஆகிவிட்டது, 1335யு போன்ற 13-ஆம் தலைமுறை வாங்கிவிடலாமா என்று கேட்டார். டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் திறந்து காட்டினேன். சிபியூ இருபது சதவீதத்தில் சும்மா கிடக்க, மெமரி மட்டும் நிரம்பி வழிந்தது. அதே பக்கத்தில் கீழே ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற இடத்தில் 1 ஆஃப் 2 என்று இருந்தது. அதாவது இன்னொரு ரேம் போட இடம் காலியாக இருக்கிறது. இன்னொரு 8 ஜிபி போட்டோம். குரோமில் ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இருந்த தயக்கம் அங்கேயே போய்விட்டது.

இதில் கூடுதலாக ஒரு லாபம் உண்டு, பலருக்கு இது தெரியாது. 1235யு, 1335யு போன்ற இன்டெல் சிப்களில் ஒற்றை ரேம் இருந்தால் கிராஃபிக்ஸ் பெயர் யுஎச்டி என்றுதான் காட்டும். இரண்டாவது ரேமைப் போட்டதும் அதே கிராஃபிக்ஸ் ஐரிஸ் எக்ஸ்இ என்று மாறிவிடும். பெயர் மட்டும் மாறுவதில்லை. தரவு போய்வரும் பாதை இரண்டாக ஆவதால் கிராஃபிக்ஸ் வேகமும் நிஜமாகவே ஏறுகிறது.

அதே பக்கத்தில் ஃபார்ம் ஃபாக்டர் என்று ஒரு வரி இருக்கும். அங்கே எஸ்ஓடிஐஎம்எம் என்று இருந்தால் கழற்றி மாட்டும் ரேம். ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் போர்டிலேயே ஒட்டிய ரேம். 8 ஜிபி ஒட்டிய ரேம், வேறு ஸ்லாட்டும் இல்லை, மெமரி எப்போதும் நிரம்பியே இருக்கிறது என்றால், அங்கே என்னால் செய்ய ஒன்றுமில்லை. அவர்களிடம் மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஏஐ சர்வர்களுக்கே மெமரி சிப் போய்விடுவதால் நமக்கு வருவது குறைந்துவிட்டது. முன்பு போல, அதென்ன சின்னச் செலவுதானே என்று நினைக்காமல் அன்றைய விலையை விசாரித்துக்கொள்ளுங்கள். புது லேப்டாப்பின் விலையிலும் இந்த ஏற்றம் சேர்ந்துதான் வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள மெஷின். சுழலும் பாகம் இல்லாத, வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

சிபியூ 100 சதவீதம் என்றால் இரண்டு விஷயங்களைப் பிரிக்க வேண்டும். சிபியூ பக்கத்தில் ஸ்பீடு என்ற எண்ணைப் பாருங்கள். வேலை மும்முரமாக நடக்கும்போது அது மூன்று கிகாஹெர்ட்ஸுக்கு மேல் நின்றால் சிப் தன்னால் ஆனதைச் செய்கிறது, அதன் திறன்தான் போதவில்லை என்று அர்த்தம். ஒன்றரை, ஒன்று என்று விழுந்துவிட்டால் பெரும்பாலும் சூடுதான் காரணம். திறந்து பார்த்தால் ஃபேனுக்கும் செம்புக் குழாய் முடிகிற அந்த மெல்லிய தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளி போலப் படிந்திருக்கும். காற்று வெளியே போக வழியே இருக்காது. சிப் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிரும். திருச்சி வெயிலில், ஏசி இல்லாத அறையில், மெத்தை மேல் வைத்துப் பயன்படுத்தும் லேப்டாப்புக்கு இரண்டு வருஷத்தில் இந்த நிலை வந்துவிடுகிறது. சுத்தம் செய்து புது பேஸ்ட் போட்டால் வாங்கிய புதிதில் இருந்த வேகம் திரும்ப வரும். அடுத்த வருஷ மாடலில் கிடைக்கும் வேகத்தைவிட இது பல நேரம் அதிகம்.

பேட்டரிக்கு லெனோவோவில் வான்டேஜ், ஏசஸில் மைஏசஸ் என்று அவரவர் செயலியிலேயே ஆரோக்கியம் காட்டும். டெல்லில் பயாஸிலேயே (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரை) இருக்கும். பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்ற இரண்டையும் பாருங்கள். பாதியாகிவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். லேப்டாப்பை மாற்றக் காரணம் அதுவல்ல. உப்பி டச்பேடைத் தூக்கிக்கொண்டிருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். அது ஆபத்து.

மாற்றத்தான் வேண்டும் என்கிற இடங்கள்

எதையும் மாற்றாதே என்று சொல்பவன் இல்லை நான். தில்லைநகரில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் ஒருவர் இருக்கிறார். அவருடைய லேப்டாப்பில் சிப், ரேம் எல்லாம் தாராளம். திரை மட்டும் 250 நிட்ஸ் வெளிச்சம், என்டிஎஸ்சி என்ற நிற அளவுகோலில் 45 சதவீதம். நம் ஊரில் ஐம்பதாயிரத்துக்குள் விற்கும் பல லேப்டாப்களில் இந்தத் திரைதான். இணையப் படங்களுக்கான வழக்கமான நிற அளவான எஸ்ஆர்ஜிபியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் இது காட்டும். பட்டுப் புடவையின் அரக்கும் குங்குமச் சிவப்பும் அதில் ஒன்றுபோலத் தெரியும். அவர் திரையைப் பார்த்துச் சிவப்பைக் கூட்டுவார், லேபிலிருந்து பிரின்ட் வரும்போது முகமெல்லாம் சிவந்து வரும், திரும்பவும் பிரின்ட் போட வேண்டும். அவர் வைத்திருந்த லேப்டாப்பின் அடுத்த வருஷ மாடலில் சிப் வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஆனால் திரை 100 சதவீத எஸ்ஆர்ஜிபி ஆகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்றேன். வெளியே தனி மானிட்டர் வைத்துக்கொள்ள முடிந்தவருக்கு அதைவிடக் குறைந்த செலவில் முடியும். இவர் கல்யாண மண்டபத்துக்கே லேப்டாப்பைக் கொண்டுபோய் வாடிக்கையாளரிடம் காட்டுகிறவர். அவருக்கு மானிட்டர் சரிப்படாது.

சின்ன மாற்றத்தோடு வரும் மாடல்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான். திரை, எடை, பேட்டரி அளவு, கேமரா, டைப்-சி வழியாக சார்ஜ் ஏறுமா, ரேம் ஸ்லாட் உண்டா. கம்பெனி விளம்பரம் சிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும். உங்கள் நாளை மாற்றுகிற விஷயம் இந்தப் பட்டியலில் எங்காவதுதான் ஒளிந்திருக்கும்.

ஆப்பிள் பக்கம் இதற்கு நல்ல உதாரணம். 2020 நவம்பரில் எம்1 சிப் உள்ள மேக்புக் ஏர் லேப்டாப், 2022-இல் எம்2, 2024 மார்ச்சில் எம்3, 2025 மார்ச்சில் எம்4. எம்3-லிருந்து எம்4-க்கு வந்ததில் கேமரா 12 மெகாபிக்சல் ஆனது, மூடி திறந்திருக்கும்போதே இரண்டு வெளி மானிட்டர் இணைக்கலாம், சிப் கொஞ்சம் வேகம். எம்3 வைத்திருந்தால் பேசாமல் இருங்கள். எம்2-இல் 256 ஜிபி மாடலின் ஸ்டோரேஜ், ஒரே ஃப்ளாஷ் சிப்பில் வந்ததால், படிக்கும் வேகத்தில் பழைய எம்1-ஐவிடப் பின்தங்கியது. புதிது என்றாலே எல்லாவற்றிலும் மேல் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எம்1-இல் 8 ஜிபி வைத்துக்கொண்டு வீடியோ எடிட் செய்பவருக்கு மட்டும் கணக்கு வேறு. இந்தியாவில் 99,900 ரூபாய்க்கு வந்த எம்4 ஏரில் அடிப்படையே 16 ஜிபி. நாலு வருஷத்துச் சின்னச் சின்ன மாற்றங்கள் எல்லாம் அவருக்கு ஒன்றாகச் சேர்ந்து கிடைக்கும். அதே எம்1-இல் மெயிலும் யூடியூபும் மட்டும் பார்ப்பவருக்கு இன்னும் மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை முதல்தான் அதிகாரபூர்வமாக அனுமதி. 6, 7-ஆம் தலைமுறை மெஷினில் வங்கிக் கணக்கும் வரித் தாக்கலும் செய்கிறவர் என்றால் மாற்றிவிடுங்கள். இவருக்குப் போன வருஷ மாடலா இந்த வருஷ மாடலா என்பதே பொருட்டில்லை, எது வாங்கினாலும் பெரிய தாவல்தான்.

ஏஐ ஸ்டிக்கர் பற்றியும் கேட்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கோபைலட் பிளஸ் என்று சொல்லும் வசதிகளுக்கு 40 டாப்ஸ் (ஏஐ கணக்கின் வேக அளவு) திறனுள்ள என்பியூ (ஏஐ வேலைக்கென்றே சிப்பில் இருக்கும் பகுதி), 16 ஜிபி ரேம் வேண்டும். மேலே சொன்ன 7840எச்எஸ் சிப்பின் என்பியூ 10 டாப்ஸ், 8840எச்எஸ்ஸில் 16. டப்பாவில் ஏஐ என்று பெரிதாக எழுதியிருந்தாலும் அந்த வசதிகள் இதில் வராது. சாட்ஜிபிடி போன்றவை பிரவுசரிலேயே ஓடும், அதற்கு என்பியூவே தேவையில்லை. இந்த ஸ்டிக்கருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

வாங்குவது என்று முடிவானால்

புது மாடல் வந்ததால் நமக்குக் கிடைக்கும் பெரிய நன்மை, பழைய மாடலின் விலை இறங்குவதுதான். உள்ளே சிப் ஏறக்குறைய ஒன்றே என்று உறுதி செய்துகொண்டபின், கடையில் தங்கிவிட்ட போன வருஷச் சரக்கைக் கேளுங்கள். கல்லூரி சேரும் ஜூன், ஜூலையிலும் தீபாவளிக்கு முன்னாலும் அதைத் தள்ளிவிட அவர்களே அவசரப்படுவார்கள். மிச்சமாகும் பணத்தை 16 ஜிபி ரேம் உள்ள மாடலுக்கோ நல்ல திரைக்கோ போடுங்கள். வாரன்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதை மட்டும் சீரியல் எண்ணைப் போட்டுக் கம்பெனி இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். கிடங்கில் கிடந்த காலத்தையும் சேர்த்து எண்ணியிருந்தால் பில்லைக் காட்டித் திருத்தச் சொல்லலாம்.

மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரே பெயரில் நாலைந்து வகை ஓடும். ஒன்றில் ஸ்லாட் இருக்கும், இன்னொன்றில் எல்லாம் ஒட்டியிருக்கும். ஒன்றில் 300 நிட்ஸ், இன்னொன்றில் 250. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைப் படம் எடுத்து, அந்த எண்ணை வைத்தே விவரம் தேடுங்கள்.

தொழிலுக்கு வாங்குபவர், ஜிஎஸ்டி பதிவும் இருந்தால், 18 சதவீத வரியை இன்புட் கிரெடிட்டாக (நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எடுக்கலாம். வரியும் சேர்ந்த 60,000 ரூபாய் பில்லில் அது 9,150 ரூபாய்க்குப் பக்கம் வரும். வருமானவரியில் கணினிக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான். ஆகவே எப்போது வாங்குவது என்பதை ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் தரும் விலை பெரும்பாலும் மனதை உடைக்கும். நல்ல நிலையில் இருப்பதைத் தெரிந்தவருக்கு நேரடியாக விற்பதோ, வீட்டில் படிக்கிற பிள்ளைக்குக் கொடுப்பதோ மேல். எப்படிக் கொடுத்தாலும் முதலில் உங்கள் ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்து, அந்த நகலைப் புது மெஷினில் திறந்து பாருங்கள். டேலி லைசென்ஸைப் பழையதில் சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் ஏற்றுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் முடிந்தபின் ரீசெட் கொடுத்து, எல்லாவற்றையும் அழிக்கும் தேர்வை எடுங்கள். சார்ஜரையும் பழைய பில்லையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்குபவர் விலையில் அதிகம் பேரம் பேச மாட்டார்.